தோட்டம் கைமாறும் நாளில்

ஜொகூர் மாநிலத்தில், கூலாய்க்கும் கோத்தா திங்கிக்கும் வடக்கே, செம்பனை மரங்களின் நடுவே அமைந்திருக்கும் பண்டார் தெங்காரா பழைமையான ஊர் அன்று. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் தோற்றுவிக்கப்பட்ட கெஜோரா என்னும் மேம்பாட்டு வாரியம், காடு திருத்தித் திட்டமிட்டு எழுப்பிய புது நகரங்களுள் ஒன்று. ஊரைச் சுற்றிப் பார்வை எட்டுமட்டும் நிற்பது ஒரே ஜாதி மரம். குலைகளை ஏற்றிச் செல்லும் லாரிகளும் ஆலைகளும் எல்லாருக்கும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும், அந்த மரத்துக்கும் அதன் அடியில் நின்று குலை வெட்டுகிற மனிதனுக்கும் உள்ள சம்பந்தம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. பெல்டா என்னும் அரசு நிலக் குடியேற்றத் திட்டத்தில் வெட்டப்படும் குலை குடியேற்றக்காரருக்குச் சொந்தம். கம்பெனித் தோட்டத்தில் வெட்டுகிறவர் சம்பளத்துக்கு மட்டுமே உரியவர். கடல் கடந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளியோ, ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிச் செல்ல வேண்டியவர்.

ஒரு வியாபார ஸ்தாபனத்துக்கும் அதை நம்பி வாழும் ஜனங்களுக்கும் இருக்க வேண்டிய உறவு எத்தகையது என்ற கேள்விக்கு இன்று உலகெங்கும் பலவிதமாக விடை தேடுகிறார்கள். லாபம் நன்றாக வரும் காலத்தில் எந்த ஸ்தாபனமும் தன்னிடம் வேலை செய்வோரை அன்போடு நடத்துவதாகச் சொல்லிக்கொள்ளலாம். அதில் சிரமம் ஒன்றுமில்லை. உடைமை கைமாறும் நாளில், யாரைக் கேட்டு விற்கிறார்கள், யாருக்கு முன்னதாகத் தெரிவிக்கிறார்கள், விற்றபின் யார் வீடிழக்கிறார்கள் என்பவற்றைக் கொண்டே அந்த உறவின் உண்மையை அளவிட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். மலாயாத் தமிழர்கள் இந்தப் பாடத்தை நூல்களிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. லயங்கள் எனப்படும் தங்கள் தோட்டத்து வரிசை வீடுகளின் வாசலில் கற்றார்கள்.

மலாயா 1957-இல் சுதந்திரம் பெறுவதற்குச் சற்று முன்னும் பின்னும், இனி இந்நாட்டில் தங்கள் முதலுக்குப் பாதுகாப்பு இருக்குமோ என்று ஐயுற்ற ஐரோப்பியக் கம்பெனிகள் பல, தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்களுள் பலர் தோட்டம் நடத்தும் நோக்கமுடையவர்கள் அல்லர். மொத்தமாக வாங்கிச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்று ஆதாயம் காண வந்தவர்கள். 'தோட்டத் துண்டாடல்' என்று அக்காலத்தில் பெயர் பெற்ற இக்கொடுமை எவ்வளவு தீவிரமாயிருந்தது என்றால், 1951 முதல் 1960 வரையிலான அதன் வரலாற்றை மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அசீஸ் தனியே ஆராய்ந்து எழுத நேர்ந்தது. சிறு துண்டு வாங்கியவருக்கு நூற்றுக்கணக்கான ஆள்கள் தேவையில்லை. இரண்டு மூன்று தலைமுறைகளாக விடியுமுன் பிரட்டு என்னும் பேர்பதிவுக்கு நின்று, பால்மரம் வெட்டி, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே பெற்றோரைப் புதைத்த குடும்பங்கள், வேலையோடு வீட்டையும், வீட்டோடு பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும், தாங்கள் கட்டிய மாரியம்மன் கோயிலையும் ஒரே நாளில் இழந்தன. விற்றவர் சட்டத்துக்கு விரோதமாக எதையும் செய்துவிடவில்லை. நிலம் அவருடையது, அவர் விற்றார். அந்த நிலத்தில் மற்றவர்களுக்கும் ஒரு வாழ்வு உண்டு என்பதை அன்றைய வியாபார முறை கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

அந்நாளில் பொதுப்பணி, தபால், தந்தி அமைச்சராக இருந்தவரும் மலாயா இந்தியர் காங்கிரஸின் தலைவருமான வீ. தி. சம்பந்தன், சுங்கை சிப்புட்டில் தோட்டம் வைத்திருந்த ஒருவரின் மகனாகப் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கற்றவர். முதலாளி வர்க்கத்தின் வீட்டில் வளர்ந்த அவர், தொழிலாளிக்காகப் பரிந்து பேசுவதோடு நின்றுவிடாமல், விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளியே வாங்கிவிட்டால் என்ன என்று சிந்தித்ததுதான் அவருடைய பெருமை. 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பங்கு ஒன்றின் விலை 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளி வீதம் கட்டலாம். இன்றைக்கு 10 வெள்ளி ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சரியாய்ப் போகும். அன்றோ நாட்கூலி வாங்கிய குடும்பத்துக்கு அது அரிசியிலோ சீனியிலோ வெட்டு விழுந்தாலொழிய மிஞ்சாத தொகை. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் பிரயாணம் செய்து, பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஜனங்களைக் கூட்டி வைத்து, இந்தப் பணம் சந்தா அன்று, உங்கள் காலடி மண்ணின் விலை என்று விளங்க வைத்தார். கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கம் வாங்கிய தொடக்ககாலத் தோட்டங்களுள் ஒன்று. 1979-இல் சம்பந்தன் காலமாவதற்குள் அச்சங்கம் பல்லாயிரம் ஏக்கருக்கு உரியதாகி, மலேசியாவின் பெரிய கூட்டுறவு ஸ்தாபனங்களுள் ஒன்றாகியிருந்தது.

கூட்டுறவு என்னும் கருத்து சம்பந்தனோடு தோன்றியதன்று. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் நெசவாளர் சிலர் கூடிக் கடை வைத்ததும், அதைப் பின்பற்றி 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் எழுந்ததும் பலர் அறிந்தவை. ஆனால் அவை அரிசி பருப்பு வாங்குவோரின் சங்கங்கள். கூலிக்காரன் தான் வேலை செய்யும் இடத்தையே வாங்க முற்பட்டது வேறு விதமான துணிவு.

இந்தப் புகழுக்கு அருகிலேயே ஒரு குறையையும் வைத்துத்தான் பேச வேண்டும். சங்கம் வாங்கிய தோட்டங்களில் வெளியேற்றம் நின்றது. அது பெரிய காரியம். ஆயினும், பங்குக்காரனான தொழிலாளி காலையில் எழுந்து சென்றது அதே பிரட்டுக்குத்தான். அவன் முன் நின்றவர்கள் அதே கிராணி என்னும் எழுத்தரும் தண்டல் என்னும் மேற்பார்வையாளரும்தான் என்ற விமர்சனம் அன்று முதல் இருந்து வருகிறது. உடைமை மாறியது, ஏவுகிறவர்க்கும் ஏவப்படுகிறவர்க்கும் இடையேயிருந்த தூரம் அவ்வளவாக மாறவில்லை.

பண்டார் தெங்காராவைச் சுற்றியுள்ள குடியேற்றங்களின் கதையும் இதற்கு உறவானதே. 1956-இல் தொடங்கிய பெல்டா, நிலமில்லாத குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 10 ஏக்கர் பயிர் நிலமும் ஒரு வீடும் கொடுத்து, செலவைப் பிற்பாடு விளைச்சலிலிருந்து தவணையாகப் பிடித்துக்கொண்டது. ஏழையைக் கூலியாக்காமல் உடைமையாளனாக்கிய திட்டம் என்று உலகம் அதைப் பாராட்டியது தகும். தோட்டத்தில் பிறந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வாசல் பெரும்பாலும் திறக்கவில்லை என்பதையும் வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும். 2012-இல் பெல்டாவின் வணிகப் பிரிவு எப்.ஜி.வி. என்ற பெயரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது பங்கின் விலை 4.55 ரிங்கிட். பின்னர் பெல்டாவே அந்தப் பங்குகளைத் திரும்ப வாங்க முன்வந்தபோது கொடுத்த விலை 1.30. சந்தைக்குப் போகலாமா என்பதைக் குடியேற்றக்காரர்கள் தீர்மானிக்கவில்லை. விலை வீழ்ந்த வேதனையில் மட்டும் அவர்களும் பங்குபெற்றார்கள்.

இவற்றைவிடத் தெளிவான சாட்சி மூணாற்றிலிருந்து கிடைக்கிறது. கேரளத்து மலையில் தமிழர்கள் கொழுந்து பறிக்கும் அந்தத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து டாட்டா டீ கம்பெனி விலக விரும்பியபோது, 2005-இல் கண்ணன் தேவன் மலைத் தோட்டக் கம்பெனி புதிதாக அமைக்கப்பட்டு, அதன் பங்குகளில் பெரும்பகுதி தொழிலாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் அளிக்கப்பட்டது. வேலைக்காரரே முதலாளிகள் என்று பத்திரிகைகள் வியந்து எழுதின. பத்து ஆண்டுகள் கழிந்தன. 2015 செப்டம்பரில் நிர்வாகம் போனஸைக் குறைத்து 10 சதவீதம் என்று அறிவித்தது. காகிதத்தில் கம்பெனியின் உடைமையாளர்களாயிருந்த ஆயிரக்கணக்கான பெண்கள், தங்கள் பெயரால் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகே விடாமல், 'பெண்பிள்ளை ஒருமை' என்ற கொடியின்கீழ் சாலையில் வந்து அமர்ந்தார்கள். ஒன்பது நாள்களுக்குப் பின் கருணைத்தொகையையும் சேர்த்து 20 சதவீதம் என்று முடிவாயிற்று. நாளொன்றுக்கு 232 ரூபாயாக இருந்த கூலியும் அதைத் தொடர்ந்த போராட்டத்தால் 301 ரூபாயாயிற்று. தன்னுடைய கம்பெனியிடம் தன்னுடைய கூலியைக் கேட்க ஒரு பங்குக்காரி நடுத்தெருவில் உட்கார வேண்டியிருந்தது என்றால், அவளுக்குக் கொடுக்கப்பட்ட பங்கில் முக்கியமான ஏதோ ஒன்று இல்லாமற்போயிருக்கிறது.

இல்லாமற்போனது, தீர்மானம் செய்யும் இடத்தில் ஓர் ஆசனம். ஜெர்மனியில் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டாயிரம் பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் ஊழியர்களின் பிரதிநிதிகளுக்கு உரியவை. வாக்கு சமமாகப் பிரிந்தால் இறுதி வாக்கு முதலீட்டாளர் பக்கத்துத் தலைவருடையது என்பது உண்மையே. என்றாலும், கணக்கு அவர்கள் கண்முன் விரிக்கப்படுகிறது. தொழிற்சாலையை மூடப் போகும் செய்தியை அவர்கள் கதவில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்து அறிய வேண்டியதில்லை. பங்கு, கணக்கு, வாக்கு ஆகிய மூன்றும் ஒருங்கே வந்தாலொழியத் தொழிலாளியை உடைமையாளன் என்று அழைப்பது முகமனே.

கூட்டுறவுச் சட்டம் இந்த மூன்றையும் மலேசிய அங்கத்தினர் கையில் ஏற்கனவே வைத்திருக்கிறது: பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. ஆகவே, உங்கள் தாத்தாவோ பாட்டியோ மாதம் 10 வெள்ளி கட்டி வாங்கிய பங்கு உங்கள் குடும்பத்தில் இருக்குமானால், அந்தப் பங்குப் புத்தகத்தைத் தேடி எடுங்கள், வாரிசுப் பெயரைப் பதிவு செய்யுங்கள், பேராளர் தேர்தலுக்கும் ஆண்டுக் கூட்டத்துக்கும் தவறாமல் போங்கள், கணக்கைக் கேளுங்கள், நிலம் விற்பது பற்றிய பேச்சு வந்தால் எழுந்து நின்று, அங்கே இன்று வசிப்பவர் யார், அவருக்கு வீடு எங்கே என்று முதலில் கேளுங்கள்.