ஜோக்கரைத் தூக்கி எறியலாமா?



சேலம் லீ பஜாரில் மூட்டை இறங்கும்வரை காத்திருப்பவர்களும், நாமக்கல் பக்கம் லாரியில் லோடு ஏறும்வரை காத்திருப்பவர்களும் சீட்டுக்கட்டை அறியாதவர்கள் அல்லர். அவர்கள் நடுவே தீராத வழக்கு ஒன்று உண்டு. ரம்மியில் ஜோக்கர் வேண்டுமா, வேண்டாமா?

"ஜோக்கர் வந்தவன் ஜெயிக்கிறான், அப்புறம் மூளை எதற்கு?" என்பது ஒரு கட்சி. இதில் நியாயம் உண்டு. இரண்டு கட்டு சேர்த்து ஆடும்போது, வெட்டிய சீட்டின் எண்ணுள்ள மற்ற 7 சீட்டுகளும் ஜோக்கராகிவிடுகின்றன. அச்சடித்த ஜோக்கர்கள் தனி. அதனால் சிலர் ஜோக்கரே இல்லாமல் ஆடிப் பார்க்கிறார்கள். ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது. சேராத கையை வைத்திருப்பவர் கொட்டாவி விடுகிறார்.

ஜோக்கரின் கதையைக் கேளுங்கள். 1860களில் அமெரிக்காவில் 'யூக்கர்' என்ற ஆட்டத்தின் மிகப் பெரிய துருப்பாக அது பிறந்தது. எல்லாச் சீட்டையும் வெட்டுவதே அதன் வேலை. பின்னாளில் யூக்கரின் செல்வாக்குக் குறைந்தது. பிரிட்ஜ் ஆட்டத்தில் ஜோக்கருக்கு இடமே இல்லை. ஆனால் 1939-ல் உருகுவே நாட்டின் மாண்டெவிடியோ நகரில் உருவான 'கனாஸ்டா' ஆட்டம் அதற்கு வேறு வேலை கொடுத்தது. எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கலாம், ஆனால் கட்டுப்பாடு உண்டு. ஒரு சேர்க்கையில் அசல் சீட்டு இரண்டாவது இருக்க வேண்டும். பதில் சீட்டு மூன்றுக்கு மேல் கூடாது. பதில் சீட்டு கலந்த ஏழு சீட்டுச் சேர்க்கைக்கு 300 புள்ளி, கலப்பில்லாததற்கு 500.

நம் ஊர் 13 சீட்டு ரம்மியிலும் இதே புத்திதான். இரண்டு வரிசை வேண்டும். அதில் ஒன்று ஜோக்கர் கலக்காத சுத்த வரிசையாக இருக்க வேண்டும். அது இல்லாமல் கையில் ஐந்து ஜோக்கர் இருந்தாலும், எதிராளி டிக் அடித்தால் மற்ற சீட்டெல்லாம் எண்ணப்படும். 80 வரை போகும். இந்த ஒரே விதியால் ஜோக்கர் எஜமானன் என்ற நிலையிலிருந்து இறங்கி உதவியாளன் ஆனது. எதை வைப்பது, எதைப் போடுவது என்ற கணக்கு முன்னே வந்தது. விழுந்த சீட்டை நினைவில் வைப்பதற்கும், சீட்டைப் பிடித்து விடுவதற்கும் திறமை வேண்டும் என்று ரம்மியைப் பற்றி உச்ச நீதிமன்றமே 1967-ல் கூறியது. அதற்காகப் பணம் வைத்து ஆடச் சொல்வதாக எண்ண வேண்டாம். இணையவழிப் பண ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. அதில் குடும்பங்கள் கெட்டதை நாம் அறிவோம்.

இனி நம் கடைக்கு வருவோம். நம் வியாபாரத்தின் ஜோக்கர், கடன் நோட்டு. ரொக்கத்துக்குப் பதிலாக அது நிற்கிறது. சனிக்கிழமை கூலி வாங்கும் தறித் தொழிலாளிக்கு வியாழக்கிழமை அரிசி வேண்டும். நோட்டு நிறைந்து வசூல் நின்றவுடன், "இன்று ரொக்கம், நாளை கடன்" என்று போர்டு மாட்டிவிடுகிறோம். அவர் அடுத்த தெருக் கடைக்குப் போகிறார். பத்து வருஷ வாடிக்கை போகிறது. மாட்டாவிட்டாலோ, மண்டிக்காரருக்குக் கெடு தேதி வரும்போது நம் கையில் சுத்த வரிசை இல்லை. எல்லாச் சீட்டும் எண்ணப்படுகிறது.

தவறு கடனிலா, எல்லை இல்லாத கடனிலா? இதை ஒரு முறை சோதித்துப் பார்க்கலாமே. மண்டிப் பாக்கிக்குரிய ரொக்கத்தை முதலில் தனியே எடுத்து வைப்பது நம் சுத்த வரிசை. அதற்குப் பிறகே கடன். குடும்பத்துக்கு ஒரு உச்ச வரம்பு, வாரத்தில் ஒரு வசூல் நாள், பழைய பாக்கி தீராமல் புதுப் பற்று இல்லை. இந்த மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, வாடிக்கையாளருக்கும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் ஒரே மாதிரி நடத்துங்கள். வேண்டியவர் வேண்டாதவர் என்று விதியை மாற்றினால் அது சோதனை ஆகாது.

மூன்று மாதம் கழித்து வசூலையும் வாடிக்கையையும் எழுதிப் பாருங்கள். அப்போதும் கையைக் கடித்தால் தாராளமாகப் போர்டு மாட்டலாம். திருத்திப் பார்த்துவிட்டு நிறுத்தினோம் என்ற நிம்மதியாவது மிஞ்சும்.