சராசரிக்குள் மறையும் ஆசிரியர் பற்றாக்குறை

முப்பது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற மாநிலச் சராசரியைக் காட்டிப் பற்றாக்குறையே இல்லை என்று வாதிடுவதை நாம் ஏற்க முடியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சராசரியைக் கேட்கவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் இவ்விகிதம் பேணப்பட வேண்டும் என்கிறது அதன் 25ஆம் பிரிவு.

சட்டத்தின் அட்டவணைப்படி, 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. எனவே, 20 குழந்தைகள் மட்டுமே பயிலும் சேரிப் பள்ளிக்கும் இருவர் கட்டாயம். ஒருவரை வேறு பள்ளிக்கு மாற்றுப்பணியில் அனுப்பினால், ஐந்து வகுப்புகளும் ஒருவர் பொறுப்பில் விழுகின்றன. ஏட்டில் விகிதம் 20க்கு 1 என்று நிறைவாகத் தெரியும். சட்டமோ இருமுறை மீறப்பட்டிருக்கும். ஏனெனில், அவ்வாறு அனுப்புவதையும் அதே பிரிவு தடை செய்கிறது. காலிப் பணியிடங்கள் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது 26ஆம் பிரிவு.

தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைத் தனித்துறை நடத்துகிறது என்பதால் இக்கடமை குறைந்துவிடாது. அவையும் அரசுப் பள்ளிகளே.

ஆகவே, அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், பணியில் இருப்போர், மாற்றுப்பணியில் சென்றோர் ஆகிய மூன்று எண்களையும் பள்ளிவாரியாகத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறுவோம். முக்கால் பங்கு பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றுவோம். 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் அளிக்கும் எழுத்துபூர்வப் புகாரின்மீது 3 மாதங்களுக்குள் முடிவெடுக்கப்பட வேண்டும். ஆசிரியரைக் கேட்பது சலுகையன்று. நம் குழந்தைகளின் அடிப்படை உரிமை.