உங்களுக்குத் தெரியுமா? குப்பையோடு கலந்த சில்லறைக் காசு

அமெரிக்க நகரப் பூங்காக்களில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நீண்ட கோலின் அடியில் பொருத்திய தட்டைப் புல்லின்மேல் இடமும் வலமுமாக வீசியபடி நடப்பவர்களைக் காணலாம். கையில் இருப்பது மெட்டல் டிடெக்டர். அவர்கள் தோண்டி எடுப்பதில் புதையல் மிக அரிது. ஒரு சென்ட் காசு, ஐந்து சென்ட் காசு, பாட்டில் மூடி, ஆணி, அலுமினியத் துண்டு, இவைதான் அன்றாட வரவு.

●

மெட்டல் டிடெக்டருக்கு எந்த உலோகத்தின் பெயரும் தெரியாது. தட்டுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. அது பட்டதும் அடியில் கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழும்பி, தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் பதில் எவ்வளவு வலுவாக, எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதைப் பார்த்துக் கருவி திரையில் ஓர் எண்ணைக் காட்டுகிறது. உலோகத்தின் மின்கடத்தும் திறன், தடிமன், அகலம், வடிவம் எல்லாம் கலந்த எண் அது.

காசும் குப்பையும் ஒன்றுபோலத் தெரிவது இதனால்தான். நிக்கல் என்று அமெரிக்கர்கள் அழைக்கும் ஐந்து சென்ட் காசின் எடை 5 கிராம். 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல். செம்பு முக்கால் பங்கு இருந்தும், நிக்கல் கலந்ததும் மின்கடத்தும் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. குளிர்பான டின்னைத் திறக்கும் வளையம் அலுமினியம். நன்றாக மின்சாரம் கடத்தும், ஆனால் மெல்லியது, சிறியது. கடைசியில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே எண்தான் வருகிறது. சிறிய தங்க மோதிரங்கள் பலவும் அந்த வரிசையிலேயே விழும். வளையம் வேண்டாம் என்று அந்த எண்களை ஒதுக்கி வைத்தால், நிக்கலும் மோதிரமும் சேர்ந்தே மௌனமாகிவிடும். ஆகவே சந்தேகமான ஒலி எழும் இடத்தையெல்லாம் தோண்டிப் பார்ப்பதுதான் சரி. அதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன்.

●

அந்த வளையத்துக்கும் வரலாறு உண்டு. ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த எர்மல் ஃப்ரேஸ் 1959இல் சுற்றுலா போன இடத்தில் டின் திறப்பானை மறந்துவிட்டு, காரின் பம்பரில் வைத்து டின்னைத் திறக்க நேர்ந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இழுத்துப் பிய்க்கும் மூடி. அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. பிய்த்த வளையங்களைப் புல்லிலும் கடற்கரை மணலிலும் வீசினார்கள். பிய்ந்து விழாமல் டின்னோடு ஒட்டியே நிற்கும் மூடியை டேனியல் கட்ஜிக் 1970களின் நடுவில் கொண்டுவந்தார்.

பழைய வளையங்கள் நிறையக் கிடைக்கும் இடத்தை அனுபவசாலிகள் விட்டுப்போக மாட்டார்கள். 1960களிலும் 70களிலும் அங்கே மக்கள் கூடியிருக்கிறார்கள் என்பதற்கு அவை சாட்சி. 1964 வரை வந்த பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட் காசுகளில் 90 சதவீதம் வெள்ளி. 1960களில் அவை இன்னும் மக்கள் கையில் புழங்கிக்கொண்டிருந்தன.

●

அமெரிக்க ஒரு சென்ட் காசு 1982ஆம் ஆண்டின் நடுவில் ஆளே மாறிப்போனது. அதுவரை 95 சதவீதம் செம்பு, எடை 3.11 கிராம். அதன்பின் 97.5 சதவீதம் துத்தநாகம், மேலே மெல்லிய செம்புப் பூச்சு, எடை 2.5 கிராம். 1982 என்று பொறித்த காசு இரண்டு வகையிலும் உண்டு. தராசில் வைத்தால்தான் தெரியும்.

மண்ணுக்குள் இந்த இரண்டின் கதியும் வேறு. பழைய செப்புக்காசு களிம்பேறிப் பச்சையாகும், ஆனாலும் உருவம் நிற்கும். புதியதில் செம்புப் பூச்சு ஓரிடத்தில் கீறிவிட்டால் போதும், ஈரம் உள்ளே புகுந்து துத்தநாகத்தைத் தின்னத் தொடங்கும். விளிம்பு கரைந்து, நடுவில் ஓட்டை விழுந்து, அதில் பொறித்த லிங்கனின் முகமே தெரியாத காசுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. கருவியிலும் புதிய காசு செப்புக்காசைவிடத் தாழ்ந்த எண் காட்டி, திருகு மூடிகளின் அருகில் போய் நிற்கும்.

ஒரு சென்ட் காசை அடிக்க மூன்று சென்ட்டுக்கு மேல் செலவானது. அதனால் புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட் காசு 2025 நவம்பரில் பிலடெல்பியா நாணயச் சாலையில் அடிக்கப்பட்டது.

●

1943இல் செம்பு இரண்டாம் உலகப் போருக்குத் தேவைப்பட்டதால் ஒரு சென்ட் காசை எஃகில் அடித்துத் துத்தநாகம் பூசினார்கள். கருவிக்கு அதுவும் இரும்புதான். அதே போர்க்காலத்தில், 1942 முதல் 1945 வரை, ஐந்து சென்ட் காசில் நிக்கலுக்குப் பதில் 35 சதவீதம் வெள்ளி சேர்ந்தது.

●

இந்தக் கருவியின் மூதாதை ஓர் உயிரைக் காக்க முயன்றது. 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் குண்டு எங்கே என்று தெரியவில்லை. தொலைபேசியைத் தந்த கிரகாம் பெல் மின்தூண்டல் கருவி ஒன்றோடு வந்து தேடினார். கட்டில் மெத்தையின் இரும்புக் கம்பிச்சுருள்கள் ஒலியைக் குழப்பின. தேடலும் குண்டு இல்லாத பக்கத்திலேயே நடந்தது. செப்டம்பர் 19 அன்று அதிபர் இறந்தார். பக்கத்து இரும்பு நல்ல ஒலியைக் கெடுக்கும் தொல்லை அன்றே தொடங்கிவிட்டது.

இன்றும் ஆணிக்கு அருகில் கிடக்கும் காசு அதன் நிழலில் மறைந்துபோகும். குப்பை மண்டிய இடத்தில் பெரிய தட்டைக் கழற்றிவிட்டுச் சிறிய தட்டைப் பொருத்தி, மெதுவாக வீசுவார்கள். ஆழம் குறையும், ஆனால் நெருங்கிக் கிடப்பவை தனித்தனியே கேட்கும்.

●

நம் நாட்டில் மெட்டல் டிடெக்டரே இல்லாமல் காசு தேடுகிறார்கள். கங்கையிலும் யமுனையிலும் பக்தர்கள் வீசும் சில்லறையைச் சிறுவர்கள் கயிற்றில் கட்டிய காந்தத்தால் இழுத்து எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் சில்லறைக் காசுகளில் பல, காந்தத்தில் ஒட்டும் வகைத் துருப்பிடிக்காத எஃகு. செப்புக்காசு புழங்கிய காலத்தில் இந்தத் தொழிலுக்கு வழியே இருந்திருக்காது.

●

சில்லறைதானே என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இங்கிலாந்தின் ஃப்ரோம் புதையலே சான்று. 2010 ஏப்ரலில் டேவ் கிறிஸ்ப் என்பவர் சாமர்செட் வயல் ஒன்றில் தோண்டியபோது பானையின் வாய் தென்பட்டது. அந்த இடத்திலேயே கையை நிறுத்தித் தொல்லியலாளர்களை அழைத்தார். 52,503 ரோமானியக் காசுகள், சுமார் 160 கிலோ! ஏறக்குறைய எல்லாமே மதிப்புக் குறைந்த கலப்புலோகச் சில்லறை. அவர் நிறுத்தியதால்தான் பானைக்குள் எந்தக் காசு எந்த அடுக்கில் கிடந்தது என்று பதிவுசெய்ய முடிந்தது. அந்த நிதானத்துக்கு நாணயவியல் கடன்பட்டிருக்கிறது.

ரோமானியச் சில்லறை நமக்கும் அந்நியமில்லை. கரூரில் அமராவதி ஆற்றுமணலிலிருந்து பிற்கால ரோமானியச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரைக் காசுகளுக்கென்றே 1994இல் தனி நூல் வெளியிட்டார். இலங்கையிலும் இத்தகைய காசுகள் ஏராளம். அவற்றைப் பார்த்து உள்ளூரில் அடித்தவையும் உண்டு.

●

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் மெட்டல் டிடெக்டரால் தேடுவது குற்றம். இந்தியாவிலோ 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

●

பழகியவர்கள் இடுப்பில் இரண்டு பை கட்டியிருப்பார்கள். ஒன்று காசுக்கு, மற்றது குப்பைக்கு. புல்லை மூன்று பக்கம் வெட்டி மடல்போலத் திறந்து, பொருளை எடுத்து, மண்ணை நிரப்பி, மடலை மூடி மிதித்துவிட்டுத்தான் நகர்வார்கள். கிடைத்த மூடியும் வளையமும் இரண்டாவது பைக்குள் போகும். அவற்றைக் குழியிலேயே போட்டு மூடினால், அடுத்த வாரம் அதே இடத்தில் அதே ஒலி கேட்கும்.