விழித்திரைப் படமும் அதைப் படிக்கும் புரோகிராமும்

கம்ப்யூட்டர் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் விழித்திரை கெட்டுப் போகுமா? வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மானிட்டரையே பார்த்துக் கொண்டிருந்தால் கண் உலர்ந்து எரியும், தலை வலிக்கும். ஆனால் மானிட்டர் வெளிச்சத்தால் விழித்திரை கெடுகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை. விழித்திரையைக் கெடுக்கும் நோய்கள் வேறு. அவற்றில் நாம் முதலில் கவனிக்க வேண்டியது சர்க்கரை நோயால் வரும் பாதிப்பு. அதைக் கண்டுபிடிப்பதில்தான் கம்ப்யூட்டர் உள்ளே வருகிறது.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து 9 ஆண்டுகள் ஆகின்றன. கண்ணாடி போட்டுக் கொண்டால் மானிட்டரில் மிகச் சிறிய எழுத்தையும் படித்துவிடுவேன். அதனால் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்றே நினைத்திருந்தேன். ஒரு முகாமில் கண்ணைப் படம் எடுத்து, சாப்ட்வேர் தந்த முடிவை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். வலது கண்: பாதிப்பு இல்லை. இடது கண்: படத்தின் தரம் போதாது. முதல் வரியைப் படித்த சந்தோஷத்தில் இரண்டாவது வரியை நான் கவனிக்கவில்லை. யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை. இரண்டு மாதம் கழித்து வேறு இடத்தில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோது, அந்த இடது கண்ணில்தான் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

அந்தப் புள்ளிகள் என்ன? ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாக இருந்தால் விழித்திரையின் மிக மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவர் பலவீனமாகும். பழைய சைக்கிள் டியூப் போல அங்கங்கே புடைக்கும். புடைத்த இடத்தில் நீரும் ரத்தமும் கசியும். சில குழாய்கள் அடைத்துப் போகும். ரத்தம் கிடைக்காத விழித்திரைப் பகுதி, புதிய குழாய்களை வளர்க்கச் சொல்லும் ஒரு புரதத்தை வெளியிடும். அப்படி வளரும் குழாய்கள் உறுதியற்றவை. உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் நிறைந்து பார்வை திடீரென மறையும். நடுப்பகுதியில் கசிவு ஏற்படாத வரை எழுத்து தெளிவாகவே தெரியும் என்பதுதான் இதில் ஏமாற்றும் விஷயம்.

இனி புரோகிராமுக்கு வருவோம். 2016-ல் கூகுள் ஆய்வாளர்கள் ஜாமா மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவிலிருந்தும், மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா உள்ளிட்ட இந்தியக் கண் மருத்துவமனைகளிலிருந்தும் 1,28,175 விழித்திரைப் படங்களைத் திரட்டினார்கள். 54 கண் டாக்டர்கள் அவற்றைப் பார்த்து மதிப்பிட்டார்கள். ஒவ்வொரு படத்தையும் குறைந்தது 3 பேர், சிலவற்றை 7 பேர் வரை பார்த்தார்கள். "புள்ளி இப்படி இருக்கும்" என்று யாரும் புரோகிராமுக்கு விதி எழுதித் தரவில்லை. படத்தையும் டாக்டர்களின் மதிப்பீட்டையும் கொடுத்து அதையே கற்றுக் கொள்ள விட்டார்கள். இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பாக இருக்கும். விழித்திரையின் வட்டம் 299 பிக்ஸெல் அகலம் வரும்படி படத்தைச் சுருக்கித்தான் புரோகிராமுக்குத் தந்தார்கள். நம் போன் எடுக்கும் போட்டோவோடு ஒப்பிட்டால் இது தபால் தலை அளவு! அப்படியும் சோதனையில் டாக்டர்களுக்கு இணையாக முடிவு சொன்னது. 2018 ஏப்ரலில், டாக்டர் பார்க்காமலேயே முடிவு சொல்லும் ஐடிஎக்ஸ்-டிஆர் என்ற வேறொரு சாப்ட்வேருக்கு அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

ஆய்வகத்தில் சரி. வெளியே? கூகுளின் புரோகிராமைத் தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் பயன்படுத்திப் பார்த்தார்கள். அந்த அனுபவம் 2020-ல் வெளியானது. முதல் ஆறு மாதத்தில் அனுப்பிய 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று புரோகிராம் திருப்பி விட்டது. காரணம் சாதாரணமானது. அறையை இருட்டாக்க வசதி இல்லை. கண்மணி விரியாததால் படம் மங்கலாக விழுந்தது. இணைய இணைப்பும் அடிக்கடி தகராறு செய்தது. படம் திரும்பி வந்தவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். ஒரு நாள் வேலையை விட்டு அலைய வேண்டியிருந்தது. என் இடது கண்ணுக்கு நடந்ததும் இதுதானே என்று படித்தபோது தோன்றியது. தெரியாததைத் தெரியாது என்று புரோகிராம் சொல்வது நல்லதே. அந்த வரியை நோயாளிக்குப் புரிய வைக்கத்தான் ஆள் வேண்டும்.

இந்தச் சாப்ட்வேர் எதற்குப் பயிற்சி பெற்றதோ அதை மட்டுமே பார்க்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். "பாதிப்பு இல்லை" என்றால் சர்க்கரை நோயால் வரும் பாதிப்பு தெரியவில்லை என்று பொருள். கண் அழுத்த நோய் இல்லை என்று பொருள் அல்ல.

சிகிச்சையிலும் சிக்கல்கள் உண்டு. லேசர் சிகிச்சையில் விழித்திரையின் ஓரப் பகுதிகளைச் சுட்டு, நடுப்பகுதியைக் காப்பாற்றுகிறார்கள். கடும் பார்வை இழப்பு இதனால் பாதிக்கு மேல் குறைகிறது என்று 1976-லேயே அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். கண்ணுக்குள் போடும் ஊசியால் அபூர்வமாகக் கிருமித் தொற்று வரும். ஊசி போட்ட சில நாட்களில் வலியோ சிவப்போ பார்வை மங்கலோ வந்தால் அன்றே ஓட வேண்டும். இன்னொன்று, பல ஆண்டுகள் உயர்ந்திருந்த சர்க்கரையை வேகமாகக் குறைத்தால் சிலருக்கு விழித்திரை பாதிப்பு முதலில் சற்று மோசமாகும். அதற்காகச் சர்க்கரையைக் குறைக்காமல் விடக்கூடாது. நீண்ட காலத்தில் லாபம் அதில்தான். மருந்தைக் கூட்டும் முன் கண்ணைக் காட்டிவிடுங்கள், அவ்வளவே.

எனக்கு இப்போதைக்கு ஊசியும் இல்லை, லேசரும் இல்லை. டாக்டர் சொல்லும் இடைவெளியில் படம் எடுத்து ஒப்பிட வேண்டும். பிரிண்டோடு நிற்காமல் படத்தின் பைலையும் பென் டிரைவில் கேட்டு வாங்குகிறேன். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பச் சொல்லாதீர்கள். படத்தைச் சுருக்கிவிடும், நுண்ணிய புள்ளிகள் கரைந்து போகலாம். டாகுமெண்ட்டாக அனுப்பினால் மூலப் பைல் அப்படியே வரும். பைல் பெயரில் ஓ.டி. என்றிருந்தால் வலது கண், ஓ.எஸ். என்றால் இடது கண். தேதியையும் பெயரில் சேர்த்து இரண்டு இடங்களில் பேக்கப் எடுத்து வையுங்கள். படம் எடுக்கச் செல்லும்போது துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரத்துக்கு மொபைல் திரைகூடச் சரியாகத் தெரியாது.