சிபாரிசு செய்தவர் எதை இழப்பார்?

வேலைக்கு ஆள் தேவையென்றால் விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே பல நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களிடம் சொல்லிவைக்கின்றன. அமெரிக்காவின் நியூட்டன் நகரில் தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களைச் சமூகவியலாளர் மார்க் கிரனவெட்டர் விசாரித்தபோது, 56 சதவீதம் பேர் தெரிந்தவர் மூலமே வேலை பெற்றிருந்தனர். அந்த ஆய்வு 1974-இல் நூலாக வந்தது. சிபாரிசு திறமைக்கு எதிரி என்றால், லாபக் கணக்குப் பார்க்கும் முதலாளிகள் ஏன் அதை நம்புகிறார்கள்?

விண்ணப்பத்தில் படிப்பு தெரியும், அனுபவம் தெரியும். நேரத்துக்கு வருவாரா, மூன்றே மாதத்தில் நின்றுவிடுவாரா என்பது பழகியவருக்குத்தான் தெரியும். ஆனால், தெரிந்ததை அவர் உள்ளபடி சொல்வாரா?

கொல்கத்தா சோதனை

பொருளாதார அறிஞர்கள் லோரி பீமன், ஜெரமி மக்ரூடர் இருவரும் இதைக் கொல்கத்தாவில் சோதித்து, 2012-இல் முடிவை வெளியிட்டனர். குறுகிய கால வேலை ஒன்றுக்கு வந்தவர்களிடம், அடுத்த சுற்றுக்கு ஓர் ஆளை அழைத்துவரச் சொன்னார்கள். சிலருக்கு ஆள் எப்படி வேலை செய்தாலும் ஒரே தொகை. மற்றவர்களுக்கு ஆளின் திறனைப் பொறுத்துத் தொகை. இரண்டாவது வகையினர் உறவினரைக் குறைத்துக்கொண்டு, உடன் வேலை பார்த்தவர்களைக் கூடுதலாக அழைத்துவந்தனர். அதிலும், தாமே திறமைசாலிகளாக இருந்தவர்களால்தான் நல்ல ஆளை அடையாளம் காண முடிந்தது.

சம்பளத்தில் விழும் பிடி

டாக்கா அருகேயுள்ள ஆயத்த ஆடைத் தொழிலாளர்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ரேச்சல் ஹீத், இதில் சம்பளத்தின் பங்கை விளக்கினார். புதிதாக வரும் தொழிலாளி சரியாக உழைக்காவிட்டாலும், அவருடைய கூலியைக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறக்க முடியாது. அவரைச் சேர்த்துவிட்டவரோ அனுபவசாலி, கூடுதல் சம்பளக்காரர். ஆள் சொதப்பினால் சிபாரிசு செய்தவரின் சம்பளத்தில் அது தெரியும். அதனால் புதியவரைக் கண்காணித்து வேலை வாங்கும் பொறுப்பை அவரே ஏற்கிறார்.

சிபாரிசில் வந்தவருக்கு என்ன லாபம்? அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்றின் பதிவேடுகளை அலசி 2016-இல் வெளியான ஆய்வின்படி, அவர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பும் அதிகம், தொடக்கச் சம்பளமும் சற்று அதிகம். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தச் சம்பள வேறுபாடு கரைந்துவிட்டது. ஆனால் அவர்கள் வேலையை விட்டுப் போவது குறைவு.

வெளியே நிற்பவர்கள்

ஆள் தெரியாதவருக்கு இந்தக் கதவு திறப்பதில்லை; தெரிந்தவர்கள் எல்லோருக்கும்கூடத் திறப்பதில்லை. மலாவியில் கணக்கெடுப்புப் பணிக்கு ஆள் சேர்த்தபோது, தகுதியான பெண்களைத் தெரிந்திருந்தும் ஆண்கள் பெரும்பாலும் ஆண்களையே பரிந்துரைத்ததாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சிபாரிசு செய்பவருக்கும் இழப்பு இருந்தால்தான் நல்ல ஆள் வருவார் என்பதால், சேர்ந்தவர் சில மாதங்கள் நிலைத்த பிறகே சிபாரிசு செய்தவருக்கு ரெஃபரல் போனஸ் தருவது நியாயமான நடைமுறை. அது உறவுக்காகச் செய்யும் சிபாரிசை ஓரளவு தடுக்கும். ஆனால் ஆளே தெரியாதவரை அது உள்ளே கொண்டுவராது. அதற்குப் பொது அறிவிப்பும் திறந்த தேர்வும்தான் வழி.