வீட்டுப் பேச்சில் பிறந்த பாட்டு

சென்ற வாரம் நம் மாணவன் ஒருவனுடைய கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தோம். "போய்க்கொண்டிருந்தேன்" என்று எழுதவேண்டிய இடத்தில் "போயிக்கிட்டிருந்தேன்" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையினால் அடித்தோம். அடித்த கையோடு, ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பாடகர் ஒருவர் நம் நினைவுக்கு வந்தார். அவர் பெயர் மானி மாட்டர். பெர்ன் நகரவாசி. தம் வீட்டுப் பேச்சிலேயே பாட்டுக் கட்டி, தாமே பாடியவர்.

அத்தேசத்தில் ஜெர்மன் பேசுவோரே பெரும்பான்மையோர். பத்திரிகையும் பாடபுத்தகமும் இலக்கண ஜெர்மனில் இருக்கும். ஆனால் சாப்பாட்டு மேஜையிலும் கடைவீதியிலும், ஏன், கற்றறிந்தவர்கள் தமக்குள் சம்பாஷிக்கும்போதுங்கூட, நடமாடுவது அந்தந்தப் பிரதேசத்து வழக்குத்தான். பெர்ன் பேச்சு ஒரு தினுசு. ஜூரிச் பேச்சு வேறொரு தினுசு. 1930-களில் அண்டை ஜெர்மனியில் ஹிட்லரின் கை ஓங்கியபோது, "நாங்கள் வேறு" என்று காட்டிக்கொள்ள ஸ்விஸ் மக்கள் இவ்வழக்குகளைப் பெருமையுடன் போற்றினார்கள். போற்றுவதிலும் ஓர் அபாயம் உண்டு அல்லவா? பழைய கிராமத்தையும் மலையையும் பாடுவதற்கே வழக்குமொழி ஏற்றது. நுட்பமான சிந்தனைக்கு அது தாங்காது என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது.

அந்த எண்ணத்தைத் தகர்த்தவர்களுள் மாட்டர் முக்கியமானவர். 1936-ல் பிறந்த அவர் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். பெர்ன் நகராட்சியின் சட்ட ஆலோசகர். பாட்டு அவருக்கு ஜீவனோபாயம் அன்று. பிரெஞ்சுக் கவியும் பாடகருமான ஜார்ஜ் பிராஸான்ஸிடம் மனத்தைப் பறிகொடுத்து, அதே எளிமையைப் பெர்ன் பேச்சில் நாடினார். 1966-ல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. பக்க மேளம் கிடையாது. ஒரு கிதார், ஒரு குரல், அவ்வளவே.

அவருடைய பாட்டு ஒன்றில், ஒருவன் சிகரெட் பற்றவைக்கிறான். தீக்குச்சி கம்பளத்தில் விழுகிறது. கம்பளம் எரிந்தால் வீடு எரியும், வீடு எரிந்தால் நகரம், பிறகு கலகம், பிறகு உலக யுத்தம் என்று அவன் கற்பனை ஓடுகிறது. நல்லவேளை, குச்சியை எடுத்துவிட்டான்! மற்றொரு பாட்டில் கிராமத்தார் தங்கள் தேசத்து வீரன் வில்லியம் டெல்லின் நாடகம் நடிக்கிறார்கள். நடிகர்களும் சபையோரும் கைகலந்து, மண்டபமே நாசமாகிறது. குழந்தைகள் கேட்டுச் சிரிப்பார்கள். பெரியவர்களோ சிரித்து முடித்த பிறகு, சுதந்திரத்தை மேடையில் கொண்டாடுவது வேறு, அடைவது வேறு என்று யோசிப்பார்கள். ராஜ்ய தத்துவத்தை ஆராய்ந்த வக்கீல் அதையே அடுப்பங்கரைச் சொற்களில் சொல்லிவிட்டார். சொல் எளிதானதால் பொருள் குறைந்துவிடவில்லை.

1972 நவம்பர் 24-ந் தேதி, கச்சேரி ஒன்றுக்குச் செல்லும் வழியில், ஜூரிச் ஏரிக்கரையருகே மோட்டார் விபத்தில் அவர் மாண்டார். வயது முப்பத்தாறு. பாட்டுகள் மாளவில்லை. 1991-ல் ஸ்டெபான் ஐக்கர் என்னும் பாடகர் அவற்றுள் ஒன்றைத் தம் இசைத்தட்டில் பாடினார். பெர்ன் பேச்சின் ஒரு சொல்லும் அறியாத பிரான்ஸ் தேசத்தாரும் அதை விரும்பிக் கேட்டார்கள். ஸ்விஸ் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் இன்றும் மாட்டரின் பாட்டுகளைப் பாடுகிறார்கள்.

இவற்றையெல்லாம் எண்ணியபடி மாணவனின் நோட்டுப் புத்தகத்தை மீண்டும் எடுத்தோம். பரீட்சைக்கு இலக்கணம் வேண்டும். ஆகையால் சிவப்புக் கோட்டை அழிக்கவில்லை. ஆனால் அவன் வீட்டுப் பேச்சு வெட்கப்படத்தக்கது என்று அந்தக் கோடு அவனுக்குச் சொல்லிவிடலாகாதே! ஓரத்தில் இவ்வாறு எழுதினோம்: "இதே விஷயத்தை உன் தாயார் பேசுகிற பேச்சில் ஒரு பாட்டாக எழுதிவா. அதில் நாம் சிவப்பு மை தொடமாட்டோம்."