பெருவாத்தின் நாடாப்புழு

குளத்திலே வாத்துக்கள் தம் குஞ்சுகளுடன் நீந்தி இரை தேடுங் காட்சி கண்ணுக்கு இனியது. ஆயினும், அந்நீரிலேயே அக்குஞ்சுகளின் உயிருக்கு உலைவைக்கும் பகையொன்று உறைதல் கூடும். அதுவே நாடாப்புழுவாம்.

நீர்ப்பறவைகளைப் பற்றும் நாடாப்புழுக்கள் பலவகைப்படும். அவற்றுள், பெருவாத்தின் குடலில் வாழ்வதொன்றை 1782-ஆம் ஆண்டில் பிளாக் என்னும் ஜெர்மானிய அறிஞர் விவரித்தார். ஈட்டிமுனை போன்ற வடிவினதாதலின் ‘லான்சியோலாட்டா’ என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று.

இப்புழுவுக்கு வாயுமில்லை, குடலுமில்லை. சிறு தலையிலுள்ள நான்கு உறிஞ்சிகளாலும் கொக்கிகளாலும் குடற்சுவரைப் பற்றிக்கொண்டு, பறவை செரித்த உணவைத் தன் தோலினாலேயே உட்கொள்ளும். கழுத்தினின்று புதுக் கணுக்கள் ஓயாது தோன்றும். முதிர்ந்த கணுக்களின் முட்டைகள் எச்சத்தோடு நீரிற் சேரும்.

அம்முட்டை நேரே மற்றொரு பறவையின் வயிற்றிற் புகினும் புழுவாக வளராது. இடையில் அதற்கு ஒரு விடுதி வேண்டும். அவ்விடுதி யாதெனின், இறாலுக்குத் தூரத்து உறவான சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணுயிரே. ஒற்றைக் கண்ணுடைமையால், கிரேக்கர் கதைகளில் வரும் அரக்கன் பெயரை அஃது ஏற்றது. அது முட்டையை விழுங்க, ஆறு கொக்கிகளையுடைய கரு வெளிப்பட்டு, அதன் குடலைத் துளைத்து, உடற்குழியில் தங்கித் தலையை உள்ளடக்கிய பையாக மாறும். அச்சைக்ளாப்ஸைப் பறவை நீரோடு விழுங்கின், அப்பையினின்று தலை வெளிவந்து குடலைப் பற்றும்.

முதிர்ந்த பறவை பெரும்பாலும் நோய்க்குறியின்றியே புழுவைச் சுமந்து திரியும். இளங்குஞ்சுகளோ புழுக்கள் மிகுந்தவழிக் கழிச்சலுற்று, மெலிந்து, நடை தள்ளாடி, மடிதலும் உண்டு. மூத்தது நீரிலிட்ட வித்தின் விளைவை இளையது அறுக்கின்றது!

பிரசிகுவாண்டெல் என்னும் மருந்து பறவையின் வயிற்றிலுள்ள புழுவைக் கொல்லும். குளத்திலுள்ள சைக்ளாப்ஸைத் தொடாது. ஆதலின், குஞ்சுகளை மூத்த பறவைகள் பழகிய தேங்குநீரில் விடாது, வேறு தூய நீரில் வளர்ப்பதே தக்க காப்பாகும்.

இவ்வுண்மை மனிதருக்கும் பொருந்தும். நரம்புச்சிலந்தி நோய் மக்களைப் பற்றியதும் இச்சைக்ளாப்ஸ் வழியாகவே. குடிநீரைத் துணியால் வடிகட்டுதல், தூய நீர்நிலைகளை அமைத்தல் முதலிய முறைகளால் அந்நோய் நம் தேசத்தை விட்டகன்றது. 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இதற்குச் சான்றளித்தது. மனிதன் தன் நீரைத் தானே வடிகட்டிக் கொள்வான். வாத்துக்கு அவ்வறிவு இல்லை. அதனை வளர்த்துப் பயன்கொள்ளும் நாமே அதன் நீரையும் காத்தல் கடன். சிருஷ்டிகர்த்தா வாயில்லா ஜீவன்களை நம் கையில் ஒப்புவித்ததன் பொருளும் இதுவன்றோ?